கொத்து ஓருறுப்புகளின் நேரியல் சார்பின்மை

கொத்து ஓருறுப்புகளின் நேரியல் சார்பின்மை என்பது கொத்து இயற்கணிதங்களின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்று. கொத்து இயற்கணிதம் ஒன்றில் மாறிகள் சிறு சிறு கொத்துகளாக அமைந்திருக்கும். ஒரே கொத்தைச் சேர்ந்த மாறிகளை மட்டும் பெருக்கிப் பெறும் ஓருறுப்புக் கோவை, கொத்து ஓருறுப்பு எனப்படும். இத்தகைய கோவைகளுள் எந்த ஒன்றையும் மற்றவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டிப் பெற முடியாது என்பதே தேற்றத்தின் கூற்று.

செர்கே ஃபோமின், ஆந்த்ரே செலவின்ஸ்கி ஆகிய இருவரும் கொத்து இயற்கணிதத்தை அறிமுகப்படுத்திய கட்டுரை 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் ஊகமாக முன்வைத்த இந்தச் சார்பின்மை 2010களில்தான் நிறுவப்பட்டது. ஆனால் "எந்த ஓருறுப்புகளைத் தேர்ந்தால் அவை ஒன்றையொன்று சாராமல் இருக்கும்?" என்ற கேள்வி அதைவிடப் பழையது. காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதர் சி. எஸ். சேஷாத்திரி, தம் மாணவர்களுடன் 1970களிலேயே இதே வகைக் கேள்வியை வேறொரு வழியில் அணுகினார். இரு கதைகளும் சந்திக்கும் இடம் ஒரேயொரு சமன்பாடு. பள்ளி மாணவரும் அதைச் சரிபார்த்துவிடலாம்.

சார்பின்மை ஏன் ஒரு கேள்வியாகிறது

சாதாரணப் பல்லுறுப்புக் கோவைகளில் இக்கேள்விக்கே இடமில்லை. க, ச என்ற இரு மாறிகளை எடுத்துக்கொண்டால் க, ச, க², கச, ச² என்று விரியும் ஓருறுப்புகள் யாவும் தாமாகவே சார்பற்றவை. பல்லுறுப்புக் கோவை என்ற சொல்லின் பொருளே அதுதான். மாறிகளுக்கு இடையே ஏதேனும் உறவு இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கச = க + 1 என்று ஓர் உறவு இருந்தால் கச, க, 1 ஆகிய மூன்றும் சார்புடையவை; மூன்றில் ஒன்றைக் கைவிட வேண்டும். எதைக் கைவிடுவது என்பதற்கு உறவு தானாக விடை சொல்லாது, அது தேர்வு செய்பவரின் பொறுப்பு. உறவுகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே விதியின்படி தேர்வு செய்து, "மிச்சமிருப்பவற்றுள் இனி ஒளிந்திருக்கும் உறவு எதுவும் இல்லை" என்று உறுதி கூறுவதே சார்பின்மைத் தேற்றம்.

ஒரு சமன்பாடு, இரண்டு தேர்வுகள்

இரண்டு நிரையும் நான்கு நிரலும் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏதேனும் இரு நிரல்களைப் பிரித்தெடுத்து அணிக்கோவை கண்டால் ஓர் எண் கிடைக்கும். முதல் நிரலையும் மூன்றாம் நிரலையும் எடுத்தால் வருவதை ப₁₃ என்று குறிக்கலாம். இப்படி ப₁₂, ப₁₃, ப₁₄, ப₂₃, ப₂₄, ப₃₄ என ஆறு எண்கள். இவை புளூக்கர் ஆயத்தொலைகள் எனப்படும். அணியில் எந்த எண்களை இட்டாலும் இந்த ஆறும் ஓர் உறவுக்குக் கட்டுப்பட்டவை:

ப₁₃ ப₂₄ = ப₁₂ ப₃₄ + ப₁₄ ப₂₃

மேல் நிரையில் 1, 1, 1, 1 என்றும் கீழ் நிரையில் 1, 2, 3, 4 என்றும் இட்டுப் பார்த்தால், இடப்பக்கம் 2 × 2 = 4; வலப்பக்கம் 1 × 1 + 3 × 1 = 4.

ஆறு மாறிகளில் இருபடி ஓருறுப்புகள் மொத்தம் 21. இந்த ஓர் உறவு இருப்பதால் அவற்றுள் 20 மட்டுமே சார்பற்றவையாக இருக்க முடியும். ஆகவே சமன்பாட்டில் வரும் மூன்று பெருக்கல்களில் ஒன்றை விலக்க வேண்டும்.

இங்கேதான் இரு மரபுகளும் பிரிகின்றன. 1, 2, 3, 4 என்ற நான்கு எண்களையும் ஒரு நேர்கோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு ப-வையும் இரு எண்களை இணைக்கும் வளைவாக வரைந்துகொள்ளலாம். ப₁₄ ப₂₃ என்பதில் ஒரு வளைவு மற்றொன்றின் வயிற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ப₁₃ ப₂₄ என்பதில் இரு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ப₁₂ ப₃₄ என்பதில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. அடங்குவதை விலக்கினால் கிடைப்பவை திட்ட ஓருறுப்புகள். சேஷாத்திரியின் வழி இது. வெட்டுவதை விலக்கினால் கிடைப்பவை கொத்து ஓருறுப்புகள். இரண்டுமே சார்பற்றவை. நிரல்கள் நான்குக்குப் பதில் எத்தனையாக இருந்தாலும், இரண்டு நிரைகள் உள்ளவரை, இரண்டும் அதே வளையத்துக்கு முழு அடுக்களங்களாக அமைகின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருப்பதைப் போன்றது இது.

சேஷாத்திரியின் வழி

சேஷாத்திரி 1932 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர், செங்கல்பட்டில் வளர்ந்தார், சென்னை லயோலா கல்லூரியில் படித்தார், மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராக உருவானார். 1984இல் சென்னைக்குத் திரும்பிக் கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1989இல் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகமாகி, இன்று சிறுசேரியில் இயங்குகிறது. 2020 ஜூலை 17 அன்று மறைந்தார். கர்நாடக இசையில் தேர்ந்த பாடகர் என்பதும் அவரை அறிந்தவர்கள் மறக்காமல் சொல்லும் செய்தி.

அணிக்கோவைகளுக்குரிய திட்ட ஓருறுப்புகளைப் பற்றி பிரித்தானியக் கணிதர் ஹாட்ஜ் 1943லேயே எழுதியிருந்தார். அதைக் கிராஸ்மானியன்களோடு நிறுத்தாமல், பிற குலங்களிலிருந்து எழும் வெளிகளுக்கும் அவற்றின் உட்பகுதிகளான ஷூபர்ட் வகைகளுக்கும் விரிக்க வேண்டும் என்பது சேஷாத்திரியின் திட்டம். இத்தொடரின் முதல் கட்டுரை, இளவயதில் மறைந்த சென்னைக் கணிதர் சி. பி. ராமானுஜத்தின் நினைவாக 1978இல் வெளியான தொகுப்பில் இடம்பெற்றது. அடுத்தடுத்த கட்டுரைகளில் வெ. லட்சுமிபாய், சி. முசிலி ஆகியோர் உடன் உழைத்தனர்.

இவர்கள் சார்பின்மையை நிறுவும் முறை எளிமையில் அழகானது. எண்களின் இணைகளை 12 < 13 < 14, 23 < 24 < 34 என்பது போல ஒரு பகுதி வரிசையில் அடுக்கலாம் (14, 23 இரண்டும் தம்முள் ஒப்பிட முடியாதவை, 13-க்கு மேல், 24-க்குக் கீழ் உள்ளவை). திட்ட ஓருறுப்பு என்பது இந்த வரிசையில் ஏறுமுகமாக நிற்கும் காரணிகளின் பெருக்கல். இப்போது திட்ட ஓருறுப்புகளுக்கிடையே ஓர் உறவு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் உறுப்பிலும் உச்சியில் நிற்கும் காரணியைப் பார்த்து, அந்த உச்சிகளுள் மிகத் தாழ்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கென ஒரு ஷூபர்ட் வகை உண்டு. அந்த வகையின் மேல், தேர்ந்த காரணிக்குக் கீழோ அதற்குச் சமமாகவோ இல்லாத எல்லா ப-க்களும் சுழியாகிவிடும். ஆகவே உறவை அந்த இடத்துக்குக் கட்டுப்படுத்தியவுடன் பெரும்பாலான உறுப்புகள் உதிர்ந்து, அதே உச்சியைக் கொண்டவை மட்டும் எஞ்சும். உச்சி எல்லாவற்றிலும் பொதுக் காரணியாக இருப்பதால் அதை நீக்கிவிடலாம். படி ஒன்று குறைகிறது. இப்படியே இறங்கினால் உறவில் எதுவும் மிஞ்சாது.

இந்தச் சார்பின்மையை நம்பிப் பெரிய விஷயங்கள் நின்றன. ஷூபர்ட் வகைகளின் மேலுள்ள வெளிகளின் பரிமாணத்தைக் கணிக்கும் வாய்பாடு ஒன்றை மிஷேல் டெமசூர் 1974இல் வெளியிட்டார். அதன் நிறுவலில் ஓர் ஓட்டை இருந்ததைப் பின்னர் விக்டர் காட்ஸ் சுட்டிக்காட்டினார். 1980களில் அந்த ஓட்டையை அடைத்தவர்களுள் ராமனன், ராமநாதன், சேஷாத்திரி ஆகியோர் உண்டு. பரிமாணம் என்பது சார்பற்றவற்றின் எண்ணிக்கைதான். ஆகவே எண்ணுவதற்கு முன் சார்பின்மை உறுதியாக வேண்டும். இந்த வழியில் பிறந்த லட்சுமிபாய்–சேஷாத்திரி பாதைகளை 1990களில் பீட்டர் லிட்டல்மன் மிகப் பொதுவான ஒரு பாதை மாதிரியாக வளர்த்தெடுத்தார்.

லட்சுமிபாய் பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கொத்து இயற்கணிதத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரான செலவின்ஸ்கியும் அதே கணிதத் துறையைச் சேர்ந்தவர்.

ஐந்து மூலை நிலம்

கொத்து என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, சிறுசேரியிலிருந்து கடலோரமாகத் தெற்கே, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வானூர்ப் பக்கம் உள்ள ஒரு நிலத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். உப்புப் பாத்திகள் பெரும்பாலும் நேர்க்கோட்டு வரப்புகளால் நாற்கோணமாக இருக்கும். ஓடையோரத்து நிலம் அப்படி அமையாது. ஐந்து மூலைகள் கொண்ட நிலம் ஒன்றை அளக்க வரும் நில அளவையர் முதலில் செய்வது, மூலைக்கு மூலை குறுக்கே கோடு போட்டு அதை முக்கோணங்களாகப் பிரிப்பது. ஒன்றையொன்று வெட்டாத இரண்டு குறுக்குக் கோடுகள் போதும். மூன்று முக்கோணங்கள் கிடைத்துவிடும்.

ஐந்து மூலைகளுக்கு மொத்தம் ஐந்து குறுக்குக் கோடுகள் உண்டு. அவற்றிலிருந்து வெட்டாத இரண்டைத் தேர்வதற்கும் ஐந்து வழிகளே உண்டு. ஒவ்வொரு குறுக்குக் கோடும் ஒரு மாறி. வெட்டாத இரண்டின் சோடி ஒரு கொத்து. ஒரு கொத்தில் ஒரு கோட்டை அழித்தால் நான்கு மூலை கொண்ட ஒரு பகுதி திறக்கும். அதில் அழித்த கோட்டுக்கு எதிர்க் குறுக்குக் கோட்டைப் போட்டால் அடுத்த கொத்து கிடைக்கும். இந்தச் செயலே திரிபு எனப்படுகிறது. பழைய கோட்டின் மதிப்பும் புதிய கோட்டின் மதிப்பும் மேலே கண்ட சமன்பாட்டால் இணைக்கப்படுகின்றன. வட்டத்துக்குள் அமைந்த நாற்கோணத்தின் மூலைவிட்டங்களைப் பற்றித் தாலமி சொன்ன தேற்றமும் இதே வடிவம்தான். நில அளவையர் உண்மையில் அளக்கும் நீளங்கள் பொதுவாக அந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மூலைகள் அனைத்தும் ஒரே வட்டத்தில் இருந்தால் மட்டுமே கட்டுப்படும்.

வெளி வரப்புகள் ஐந்துக்கும் மதிப்பு 1 என்று கொண்டால் கணக்கு மிக எளிதாகிவிடும். குறுக்குக் கோடுகளை க₁, க₂, க₃, க₄, க₅ என்று முறைப்படுத்தினால் விதி இதுதான்: க₁க₃ = க₂ + 1, க₂க₄ = க₃ + 1, க₃க₅ = க₄ + 1, இப்படியே தொடரும். முதல் இரண்டைக் கொண்டு மற்ற மூன்றையும் எழுதலாம்:

க₃ = (க₂ + 1) / க₁
க₄ = (க₁ + க₂ + 1) / க₁க₂
க₅ = (க₁ + 1) / க₂

அடுத்த படியில் வருவது மீண்டும் க₁, அதற்கடுத்து க₂. முதல் இரண்டுக்கும் 1 என்று மதிப்பிட்டால் தொடர் 1, 1, 2, 3, 2, 1, 1 என்று வட்டமடிக்கும். ஒவ்வொரு படியிலும் வகுத்தல் இருந்தும் பின்னம் வரவில்லை. மூன்று கோவைகளிலும் பகுதியில் கூட்டல் எதுவும் இல்லை, வெறும் ஓருறுப்பே இருக்கிறது. எந்தக் கொத்து இயற்கணிதத்திலும், எத்தனை முறை திரித்தாலும், இது மாறாது. லோரான் நிகழ்வு எனப்படும் இந்த உண்மையை ஃபோமினும் செலவின்ஸ்கியும் தொடக்கக் கட்டுரையிலேயே நிறுவிவிட்டனர்.

யாராலும் அழிக்க முடியாத உறுப்பு

க₁க₂, க₃⁷க₄² போன்றவை கொத்து ஓருறுப்புகள். க₁க₃ கொத்து ஓருறுப்பு அல்ல. அந்த இரு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. இனி, கொத்து ஓருறுப்புகள் சில ஒன்றுகூடிச் சுழியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று க₁க₂ என்று இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் க₁, க₂ கொண்டு விரித்து எழுதலாம். க₃ விரிந்தால் க₂/க₁ + 1/க₁. க₄ விரிந்தால் 1/க₂ + 1/க₁ + 1/க₁க₂. க₅ விரிந்தால் க₁/க₂ + 1/க₂. இந்த விரிவுகளில் ஒவ்வோர் உறுப்பின் பகுதியிலும் க₁ அல்லது க₂ நீங்காமல் நிற்கிறது. க₃க₄, க₄க₅ போன்ற பெருக்கல்களை விரித்தாலும், அவற்றின் அடுக்குகளை விரித்தாலும் அப்படியே. மாணவர்கள் தாளில் செய்து பார்க்கலாம். க₁க₂ என்பதிலோ பகுதியே இல்லை. பகுதி உள்ள உறுப்புகள் எத்தனை சேர்ந்தாலும் பகுதி இல்லாத ஓர் உறுப்பை அழிக்க முடியாது. அதே கொத்தைச் சேர்ந்த க₁²க₂ போன்றவையும் அழிக்க முடியாது. அவை வேறு ஓருறுப்புகள். ஆகவே க₁க₂-வின் கெழு சுழியாகத்தான் இருக்க வேண்டும். உறவில் வேறு எந்தக் கொத்து ஓருறுப்பை எடுத்தாலும், அதற்குரிய கொத்தில் நின்றுகொண்டு இதே வாதத்தைத் திரும்பச் சொல்லலாம். நிறுவல் முடிந்தது.

சேஷாத்திரியின் வாதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு தெரியும். அங்கே ஒரு ஷூபர்ட் வகைக்குப் போய் நின்றால் வேண்டாதவை சுழியாகி உதிர்கின்றன. இங்கே ஒரு கொத்துக்குள் போய் நின்றால் வேண்டாதவை பகுதியோடு வந்து தாமாக விலகி நிற்கின்றன.

ஐங்கோணத்தில் இந்தப் பண்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். பொதுவான கொத்து இயற்கணிதத்தில் கொத்துகள் முடிவிலி. விரிவுகளோ பக்கம் பக்கமாக நீளும். அந்நியக் கொத்தின் ஓருறுப்பை விரிக்கும்போது பகுதி இல்லாத உறுப்பு ஒன்றுகூட வராது என்று உறுதி சொல்வதுதான் கடினம். இதற்கு உதவியது எதிர்பாராத ஒரு துறை. எதிர் சமச்சீர் அணி ஒன்றைப் புள்ளிகளும் அம்புகளும் கொண்ட படமாக வரையலாம். அம்புகளின் தொகுப்பு என்பதால் வில்லாளியின் அம்பறாத்தூணியின் பெயரையே கணிதர்கள் இதற்கு வைத்துள்ளனர். அத்தகைய படங்களின் உருவகிப்புகளைக் கொண்டு விரிவின் ஒவ்வோர் உறுப்பையும் எண்ணும் வாய்பாட்டுக்குப் பிலிப் கால்தெரோவும் ஃபிரெடெரிக் சபோத்தோனும் 2006இல் வழிகாட்டினர். இந்தப் பாதையில் சென்று, எதிர் சமச்சீர் அணியிலிருந்து எழும் எல்லாக் கொத்து இயற்கணிதங்களுக்கும் சார்பின்மையை நிறுவியவர்கள் ஜொவான்னி செருல்லி இரெல்லி, பெர்ன்ஹார்ட் கெல்லர், டேனியல் லபார்டினி-ஃபிராகோசோ, பியேர்-கி பிளமொண்டோன் ஆகிய நால்வர். கட்டுரை 2013இல் வெளிவந்தது. மேலே ஐங்கோணத்தில் கண்ட வாதத்தின் பொது வடிவமே அதன் மையம்.

அணி எதிர் சமச்சீராக இல்லாமல், நிரைகளைத் தக்க எண்களால் பெருக்கினால் மட்டும் அப்படி ஆகக்கூடிய விரிந்த வகைக்கு மார்க் கிராஸ், பால் ஹாக்கிங், ஷான் கீல், மாக்சிம் கொன்ட்செவிச் ஆகியோர் 2018இல் விடை தந்தனர். அவர்கள் வந்த வழி அம்புகளின் வழி அல்ல. கண்ணாடிச் சமச்சீர்மை என்ற வடிவியல் துறையிலிருந்து வந்தவர்கள்.

சார்பற்றவை, ஆனால் போதாதவை

திட்ட ஓருறுப்புகள் சார்பற்றவை என்பதோடு முழு வளையத்தையும் நிரப்பவும் செய்கின்றன. கொத்து ஓருறுப்புகளுக்கு இரண்டாவது பெருமை எப்போதும் கிடைப்பதில்லை. கொத்துகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் அவை அடுக்களமாகும். முடிவிலியாகும்போது இடைவெளி விழுகிறது.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு, ஐங்கோண விதியில் ஓர் அடுக்கைக் கூட்டினால் கிடைக்கும்: க₁க₃ = க₂² + 1, க₂க₄ = க₃² + 1, இப்படியே. 1, 1 என்று தொடங்கினால் 1, 1, 2, 5, 13, 34 என்று ஃபிபனாச்சி எண்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும்; இம்முறை தொடர் வட்டமடிக்காது. இந்த இயற்கணிதத்துக்குள் ஒரு விசித்திர உறுப்பு உண்டு:

ம = (க₁² + க₂² + 1) / க₁க₂

தொடரில் எந்த மாறியை ம-வால் பெருக்கினாலும் அதன் இருபுறத்து அண்டை மாறிகளின் கூட்டுத்தொகை கிடைக்கும். எண்களில் ம = 3; சான்றாக 3 × 5 = 2 + 13. ஆனால் ம-வைக் கொத்து ஓருறுப்புகளின் கூட்டலாக எழுதவே முடியாது. கொத்து ஓருறுப்புகள் ஒன்றையொன்று சாராமல் நின்றும், ம-வுக்கு அவற்றுள் இடமில்லை. இந்த இடைவெளியை எப்படி நிரப்பி அடுக்களமாக்குவது என்பதைப் பால் ஷெர்மனும் செலவின்ஸ்கியும் 2004இல் காட்டினர். ம-விலிருந்து பிறக்கும் ஒரு தொடரைக் கொத்து ஓருறுப்புகளோடு சேர்த்தால் போதும்.

எதைச் சேர்ப்பது என்பதில் கருத்து ஒன்றல்ல. ம-வின் அடுக்குகளையே சேர்க்கலாம், அவற்றைச் சற்றே திருத்தியும் சேர்க்கலாம்; வெவ்வேறு அடுக்களங்கள் பிறக்கும். அவை எல்லாவற்றுக்குள்ளும் கொத்து ஓருறுப்புகள் மாறாமல் இருக்கின்றன. லுஸ்டிக், காஷிவாரா ஆகியோர் 1990ஐ ஒட்டிக் கண்டறிந்த நியதி அடுக்களத்தை விளங்கிக்கொள்ளும் முயற்சியில்தான் கொத்து இயற்கணிதமே பிறந்தது. அந்த அடுக்களத்தில் கொத்து ஓருறுப்புகளும் இருக்கும் என்பது தொடக்கத்திலிருந்த எதிர்பார்ப்பு. அவை சார்புடையவையாக இருந்திருந்தால் அந்த எதிர்பார்ப்பு அன்றே சரிந்திருக்கும்.

கிராஸ்மானியன்களுக்குத் திரும்பினால், இரண்டு நிரைக்குப் பதில் மூன்று நிரை எடுத்தவுடன் இரு மரபுகளின் உறவும் சிக்கலாகிறது. மூன்று நிரை, ஆறு நிரல் கொண்ட அணிகளுக்கு 20 புளூக்கர் ஆயத்தொலைகள் உண்டு. அவற்றுள் ஆறு, வெளி வரப்புகளைப் போல எல்லாக் கொத்துகளிலும் நிலையாக நிற்பவை. திரியும் கொத்து மாறிகள் 16 என்று ஜோஷுவா ஸ்காட் 2006இல் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது. 14 ஆயத்தொலைகள் போக எஞ்சும் இரண்டு, ஆயத்தொலைகள் அல்ல, இருபடிக் கோவைகள். திட்ட ஓருறுப்புகளின் பட்டியலில் அந்த இரண்டுக்கும் தனி இடம் கிடையாது. பல திட்ட ஓருறுப்புகளின் கூட்டலாகவே அங்கே அவை தோன்றும். நிரல்கள் எட்டு வரை கொத்துகள் முடிவுள்ளவை. ஒன்பதாவது நிரலைச் சேர்த்ததும் அவை முடிவிலியாகின்றன; திட்ட ஓருறுப்புகளோ அங்கும் பழைய விதிப்படியே அடுக்களமாக நிற்கின்றன.